மோனிவா காட்டிலிருந்து மருத்துவமனைக்கு

மனத்தைத் தேடிய வழிகள் – தொடர் 9

1890-இல் வில்லியம் ஜேம்ஸின் ‘உளவியல் கோட்பாடுகள்’ வெளிவந்தது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு, இரண்டு தடித்த தொகுதிகள். அமெரிக்காவில் உளவியல் ஒரு தனித்துறையாகக் காலூன்றியதில் இந்த நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. அதில் கவனத்தைப் பற்றி ஓர் இயல் இருக்கிறது. ஓடிப்போகும் கவனத்தைத் திரும்பத் திரும்பப் பிடித்துக் கொண்டுவரும் திறன்தான் ஒருவரின் தீர்மானத்துக்கும் குணத்துக்கும் மன உறுதிக்கும் வேர் என்கிறார் ஜேம்ஸ். அந்தத் திறனை வளர்க்கிற கல்வியைவிடச் சிறந்த கல்வி வேறில்லை என்பதும் அவர் கருத்து. ஆனால் அதே மூச்சில் கையை விரித்துவிடுகிறார். அப்படியொரு கல்வி வேண்டும் என்று சொல்வது சுலபம், அதைக் கொடுக்க நடைமுறையில் வழி சொல்வதுதான் கடினம் என்று.

அதே ஆண்டுகளில் பர்மாவில், சிந்த்வின் ஆற்றங்கரை ஊரான மோனிவாவுக்கு வடக்கே, லெடி என்ற காட்டில் ஒரு பிக்கு மடம் அமைத்துத் தங்கியிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. கவனத்தைப் பழக்கும் வழியை உழவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் குமாஸ்தாக்களுக்கும் எப்படிக் கொண்டுபோவது என்பதே அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அவருடைய வேலையாயிற்று. இன்று அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவமனைகளில் நாள்பட்ட வலிக்கும் மனச்சோர்வுக்கும் கற்றுக்கொடுக்கிற தியானப் பயிற்சிகளின் வேரைத் தேடிப் போனால், அந்த வேர்களில் ஒன்று இந்தக் காட்டில் போய் முடிகிறது.

பௌத்தமும் மேலை உளவியலும் சந்தித்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வேறொரு காட்சியில் தொடங்குவார்கள். இலங்கையின் அநகாரிக தர்மபால ஹார்வர்டில் ஜேம்ஸின் வகுப்புக்குப் போனதாகவும், ஜேம்ஸ் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்து, இனி எல்லோரும் படிக்கப்போவது இந்த உளவியலைத்தான் என்று அறிவித்ததாகவும் ஒரு கதை உண்டு. கேட்க இனிக்கும் கதை. ஆனால் ஒரு நாற்காலியால் வரலாறு நகர்வதில்லை. சென்ற பகுதியில் பார்த்த யூங்கின் முன்னுரைகளும், 1957-இல் மெக்ஸிகோவின் குயர்னவாகாவில் எரிக் ஃப்ரோமும் டி.டி. சுசுகியும் நடத்திய உரையாடல்களும் கூட நல்ல புத்தகங்களைத் தந்தன. வலியோடு கட்டிலில் கிடக்கும் நோயாளியிடம் அவை வந்து சேரவில்லை. அங்கே வந்து சேர்ந்தது தேரவாதத்தின் வழி. அந்த வழியைப் போட்டவர்கள் ஆசியர்கள். அதிலும் பலர் காவி உடுத்தாதவர்கள்.

*

1885 நவம்பரில் ஆங்கிலேயப் படை பர்மியத் தலைநகரான மண்டலேக்குள் நுழைந்தது. திபா மன்னரை உடனே ஆற்றுக் கப்பலில் ஏற்றி ரங்கூனுக்கும், அங்கிருந்து சென்னைக்கும், கடைசியில் ரத்னகிரிக்கும் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவே இல்லை. பர்மியர்களுக்கு அரசன் என்றால் வரி வாங்குபவன் மட்டும் அல்லன். சங்கத்தின் காவலன், மடங்களுக்கும் பாலிக் கல்விக்கும் படியளப்பவன். திபாவின் தந்தை மிண்டோன் மன்னர் திரிபிடகம் முழுவதையும் 729 சலவைக்கல் பலகைகளில் பொறித்து வைத்தார். அந்த அரசு போனதும், புத்தரின் சாசனமும் இத்தோடு மறைந்துவிடுமோ என்ற அச்சம் நாட்டைப் பிடித்துக்கொண்டது.

லெடி காட்டில் மடம் அமைத்த அந்தப் பிக்கு, லெடி சயாடோ, 1846-இல் பிறந்தவர். மண்டலேயில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்தவர். நகரத்தில் பரவிய பெருந்தீயில் அவர் தங்கியிருந்த மடம் எரிந்துபோக, மோனிவா பக்கம் வந்து சேர்ந்தார். அரசன் இல்லாத நாட்டில் சாசனத்தை யார் காப்பது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை: வீட்டுக்கு வீடு அதைப் படித்தவர்கள் இருந்தால் போதும். ஊர் ஊராகப் போனார். மனத்தைப் பகுத்து ஆராயும் பௌத்த நூல்தொகுதியான அபிதம்மத்தில் இல்லறத்தாருக்கு வகுப்புகள் தொடங்கினார். 1903-இல் ஓர் அபிதம்மப் பாடநூலைப் பர்மியச் செய்யுளாக்கி, மனப்பாடம் செய்வதற்கு ஏற்ப எழுதிக்கொடுத்தார். படித்ததைத் தன் உடம்பிலும் மனத்திலும் சரிபார்க்க வேண்டும் என்றும், அதற்கு ஆழ்ந்த சமாதி நிலைகளை எட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றும் போதித்தார்.

இதன் பாரத்தை நாம் எளிதில் உணர்வதில்லை. அதற்கு முன் தேரவாத நாடுகளில் இல்லறத்தாரின் கடமை தானமும் சீலமும் விழாவும் புண்ணியமும். பிக்குகளிலேயே உட்கார்ந்து தியானம் பழகியவர்கள் சிலர்தான். 2,500 ஆண்டுப் பழைய பயிற்சி என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. சூத்திரங்கள் பழையவைதான். ஆனால் சந்தைக்குப் போய்வந்து மாலையில் மூச்சைக் கவனித்து உட்காரும் மனிதர் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஓர் அரசு விழுந்த இடத்திலிருந்து முளைத்தவர்.

லெடி செய்யுளாக்கிய அந்தப் பாடநூல் நமக்கு அந்நியமானது அல்ல. அதன் பெயர் அபிதம்மத்தசங்கஹம்; ஆசிரியர் அனுருத்தர். அவருடையதாகக் கருதப்படும் இன்னொரு நூலின் முடிவுரை, அதன் ஆசிரியர் காஞ்சி நாட்டுக் காவேரி நகரத்தில் பிறந்தவர் என்று சொல்கிறது. அவருக்குப் பல நூற்றாண்டு முன்னரே, உறையூரைச் சேர்ந்தவராகக் கருதப்படும் புத்ததத்தர் சோழநாட்டில் இருந்துகொண்டு இதே துறையில் அபிதம்மாவதாரம் எழுதினார். விசுத்திமார்க்கம் எழுதிய புத்தகோஷரும் காஞ்சியில் தங்கியதைத் தம் உரையில் குறித்திருக்கிறார். பௌத்தத்தின் மன ஆராய்ச்சியில் தமிழ்நிலத்துக்கு இருந்த பங்கை மணிமேகலையோடு நிறுத்திவிடுவது நம் வழக்கம். பர்மாவின் மடங்களில் நூற்றாண்டுக்கணக்காகச் சிறுவர்கள் நெட்டுருப் போட்ட பாடநூல் தென்னாட்டோடு தொடர்புடையது என்பது பாடப்புத்தகத்தில் ஏற வேண்டிய செய்தி.

அந்தச் சிறிய நூலில் என்ன இருக்கிறது? மனத்தின் வகைகள் 89. மனத்தோடு சேர்ந்தெழும் கூறுகள் 52. கண் முன்னே ஒரு பொருள் வந்து, அதை மனம் பற்றி, அறிந்து, விட்டுவிடும் ஒரு சுற்றுக்குப் பதினேழு மனக்கணங்கள். உதாரணத்துக்குக் கோபத்தையே எடுத்துக்கொள்வோம். கோபம் எழும் மனத்தில் வெறுப்பு எப்போதும் இருக்கும். அதோடு பொறாமையோ, தன்னுடையதைப் பிறருக்குக் கொடுக்க மனமில்லாத கருமித்தனமோ, செய்ததையும் செய்யாததையும் நினைத்து மறுகுவதோ சேரலாம். ஆனால் இந்த மூன்றும் ஒரே கணத்தில் சேர்ந்து வருவதில்லை, வந்தால் ஏதாவது ஒன்றுதான் வரும் என்கிறது நூல். அடுத்த வீட்டுக்காரரின் புது வண்டியைப் பார்த்து எரிச்சல் வரும்போது ஒருவர் தனக்குள் பார்த்துக்கொண்டால் இது எவ்வளவு நுணுக்கமான கவனிப்பு என்று தெரியும். சோதனைச்சாலை இல்லாத காலத்தில், சொந்த மனத்தையே ஆய்வுக்களமாக வைத்துக்கொண்டு செய்த பகுப்பு இது.

லண்டனில் இதைக் கண்டு வியந்தவர் ஒரு பெண். கரோலின் ரிஸ் டேவிட்ஸ் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தத்துவமும் உளவியலும் படித்தவர். அதனால்தான் பாலி நூல்களில் மற்றவர்கள் மதத்தைப் பார்த்த இடத்தில் அவரால் உளவியலையும் பார்க்க முடிந்தது. 1900-இல் அபிதம்ம நூலான தம்மசங்கணியை மொழிபெயர்த்தபோது, அதைப் பௌத்த உளவியல் அறநூல் என்றே தலைப்பிட்டு அறிமுகப்படுத்தினார். 1910-இல் பர்மிய அரசு அலுவலர் ஷ்வே சான் ஆங் அபிதம்மத்தசங்கஹத்தை ஆங்கிலமாக்க, கரோலின் அதைச் செப்பனிட்டுப் பதிப்பித்தார். அபிதம்மத்தில் புரியாத இடங்களைக் கேள்விகளாக எழுதி லெடி சயாடோவுக்கே அனுப்பினார். காட்டு மடத்துப் பிக்கு பாலியில் பதில் எழுதினார். பாலி நூற்கழகத்தின் இதழில் அவை அச்சாயின. லெடி தன் பதிலில் கரோலினுக்கு வைத்த பெயர் ‘லண்டன் பாலிதேவி’. பெண்ணென்றும் வெள்ளைக்காரியென்றும் விலக்காமல் ஒரு சக மாணவியாக ஏற்றுப் பதில் சொன்ன அந்தப் பெருந்தன்மையும், ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் என்ற மிதப்பில்லாமல் கேட்டுத் தெரிந்துகொண்ட இந்தப் பணிவும் காலனிய காலத்தில் அரிதானவை. பௌத்தத்துக்கும் மேலை உளவியலுக்கும் நடந்த உண்மையான முதல் கடிதப் போக்குவரத்து என்று நான் இதைத்தான் சொல்வேன்.

*

லெடியின் மாணவர்களில் சயா தெட்ஜி என்ற உழவர் ஒருவர். ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தன் ஊரிலேயே இல்லறத்தாருக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தார். 1937-இல் அவரிடம் வந்து சேர்ந்தவர் ஊ பா கின். கணக்காயர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகத் தொடங்கி மேலே வந்தவர். பர்மா விடுதலை பெற்ற 1948 ஜனவரி 4 அன்று அவரே நாட்டின் தலைமைக் கணக்காயரானார். தன் கீழ் வேலை செய்தவர்களுக்கு அலுவலகத்திலேயே தியானம் கற்றுக்கொடுத்தார். 1952-இல் ரங்கூனில் ஒரு தியான மையம் தொடங்கி, பத்து நாள் வகுப்புகள் நடத்தினார். லீவு போட்டுவிட்டு வரக்கூடிய கால அளவு அது. முதலில் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிக்க வேண்டும். மனம் ஓரளவு படிந்ததும், உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை உடம்பு முழுவதும் கவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். ஊறல், சூடு, துடிப்பு, குத்தல், மரத்துப்போதல் என எது தட்டுப்பட்டாலும் விரட்டவும் கூடாது, இன்னும் வேண்டும் என்று பிடித்துக்கொள்ளவும் கூடாது.

அவரிடம் 1955-இல் வந்தவர் சத்ய நாராயண் கோயங்கா. மண்டலேயில் பிறந்த மார்வாரி, ரங்கூனின் பெரிய வியாபாரி, முப்பது வயதுக்காரர். தாங்க முடியாத ஒற்றைத் தலைவலி. மார்ஃபின் ஊசி போட்டால்தான் அடங்கும். வெளிநாட்டு மருத்துவர்களிடம் போயும் பலனில்லை. யாரோ சொல்லக் கேட்டு ஊ பா கின்னிடம் வந்தார். தலைவலியைப் போக்கிக்கொள்ள வந்திருக்கிறேன் என்றதும் ஊ பா கின் மறுத்துவிட்டார். உடல் நோவுக்கு மருந்தாக இதைக் கேட்டால் தம்மத்தின் மதிப்பையே குறைத்ததாகும். மனத்தைத் தூய்மைப்படுத்திக்கொள்ள வா. தலைவலி போவது அதன் பக்கவிளைவாக இருக்கட்டும் என்றார். கோயங்கா தன் உரைகளில் திரும்பத் திரும்பச் சொன்ன நிகழ்ச்சி இது. பிறகு நடந்த எல்லாவற்றையும் எடைபோட இந்த ஒரு மறுப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே காலத்தில் பர்மாவில் இன்னொரு கிளையும் தழைத்தது. மிங்குன் சயாடோவின் மாணவரான மஹாசி சயாடோவைப் பிரதமர் ஊ நூ ரங்கூனுக்கு அழைத்து வந்தார். 1949-இல் அவருடைய தியான மையம் இயங்கத் தொடங்கியது. மஹாசியின் முறை இன்னும் எளிமை. மூச்சு விடும்போது வயிறு எழுவதையும் தாழ்வதையும் பார். எழுகிறது, தாழ்கிறது என்று மனத்துக்குள் குறித்துக்கொள். நினைவு ஓடினால், நினைக்கிறேன் என்று குறி. முதுகு வலித்தால், வலி என்று குறி. நடக்கும்போது பாதம் தூக்குவதை, நகர்த்துவதை, வைப்பதைத் தனித்தனியே பார். ஒரு கூடத்தின் நீளத்தைக் கடக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்பவர்களை அத்தகைய மையங்களில் இன்றும் பார்க்கலாம். கேலியாகத் தோன்றும் இந்த மெதுவான நடையில்தான், காலைத் தூக்குவதற்கு முன் தூக்க வேண்டும் என்ற எண்ணம் எழுவது ஒருவருக்கு முதல்முறையாகப் பிடிபடுகிறது.

மஹாசியின் முறையை மேலை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஞானபோனிக தேரர். ஜெர்மனியின் ஹனாவ் நகரத்து யூதக் குடும்பத்தில் பிறந்த சீக்மண்ட் ஃபெனிகர்தான் அவர். 1936-இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்டார். போர் மூண்டதும் ஆங்கில அரசு அவரை ஜெர்மானியர் என்று சொல்லிச் சிறைமுகாமில் அடைத்தது. ஹிட்லரிடமிருந்து தப்பிய யூதர், டேராடூன் முகாமில் எதிரிநாட்டவராக ஆண்டுக்கணக்கில் கிடந்தார். பாலி நூல்களை ஜெர்மனில் பெயர்த்து அந்த ஆண்டுகளைக் கழித்தார். 1952-இல் பர்மா போய் மஹாசியிடம் பழகினார். 1954-இல் ‘பௌத்த தியானத்தின் இதயம்’ என்ற அவருடைய ஆங்கில நூல் வந்தது. கண்டியில் உடவத்தகேலே காட்டுக் குடிலில் 1994-இல் மறையும்வரை வாழ்ந்தார். அனுபவத்துக்கும் அதற்கு நாம் காட்டும் எதிர்வினைக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு, பழகினால் அங்கே நிற்கலாம் என்பதை அவர் அளவுக்குத் தெளிவாக அதற்குமுன் மேலை வாசகர்களுக்கு யாரும் விளக்கவில்லை. பிற்கால உளவியலாளர்கள் பலர் இந்த விளக்கத்தின் மேல்தான் கட்டினார்கள்.

1969-இல் கோயங்கா இந்தியா வந்து வகுப்புகள் நடத்தத் தொடங்கினார். புத்தகயாவின் பர்மிய விகாரையில் 1970, 71 ஆண்டுகளில் அவர் முன் வந்து உட்கார்ந்த அமெரிக்க இளைஞர்களில் ஜோசஃப் கோல்ட்ஸ்டீன், ஷேரன் சால்ஸ்பெர்க், ஹார்வர்டில் உளவியல் ஆய்வு செய்துகொண்டிருந்த டேனியல் கோல்மன் ஆகியோர் இருந்தார்கள். கோல்ட்ஸ்டீனும் சால்ஸ்பெர்க்கும் தாய்லாந்திலும் பர்மாவிலும் பழகிய ஜாக் கார்ன்ஃபீல்டோடு சேர்ந்து, மாசசூசெட்ஸின் பாரி என்ற சிற்றூரில் ஒரு பழைய கத்தோலிக்கத் துறவு இல்லத்தை வாங்கி 1976-இல் தியான மையம் திறந்தார்கள்.

*

பாரியிலிருந்து கார் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வூஸ்டர் நகரம். அங்கே மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலை பார்த்த ஜான் கபட்-ஜின், எம்.ஐ.டி.யில் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1979 வசந்தத்தில் பாரியில் இரண்டு வார முகாமில் உட்கார்ந்திருந்தபோது, இதை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் என்ன என்ற எண்ணம் முழுத் திட்டமாகச் சில விநாடிகளில் தோன்றியது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த ஆண்டே மருத்துவமனைக்குள் வகுப்பு தொடங்கினார். மருந்தும் அறுவை சிகிச்சையும் கைவிட்ட நாள்பட்ட வலிக்காரர்களை மருத்துவர்கள் அவரிடம் அனுப்பினார்கள். முதுகுவலி, கழுத்துவலி, தலைவலி என்று வந்தவர்களைப் படுக்கவைத்து, இடது கால் விரலிலிருந்து தொடங்கி உடம்பு முழுவதும் கவனத்தை நகர்த்தச் சொன்னார். முக்கால் மணி நேரம். வீட்டுக்கு ஒலிநாடா கொடுத்து, தினமும் இதையே செய்யச் சொன்னார். ஊ பா கின் மரபின் முறையைத் தழுவியது அது. ரங்கூன் கணக்காயர் தலைவலிக்குத் தர மறுத்த பயிற்சி, வூஸ்டரில் தலைவலிக்காகவே தரப்பட்டது.

வலிக்கும் இடத்தையே கவனிக்கச் சொல்வதில் என்ன நன்மை? சம்யுத்த நிகாயத்தில் சல்ல சுத்தம் என்று ஒரு சூத்திரம் உண்டு. ஒருவனை ஓர் அம்பு தைக்கிறது. உடனே இரண்டாவது அம்பும் தைக்கிறது. முதலாவது உடம்பின் வலி. இரண்டாவது, அந்த வலியைக் கண்டு மனம் படும் பாடு. பயிற்சி இல்லாதவன் இரண்டையும் வாங்கிக்கொள்கிறான். பயின்றவன் முதல் அம்போடு நிற்கிறான் என்கிறார் புத்தர். பத்தாண்டு முதுகுவலிக்காரர் படுத்துக்கொண்டு அந்த இடத்தை நேராகப் பார்த்தால் அங்கே ஒரே பாறையாக வலி இல்லை. சூடு இருக்கிறது, இழுப்பு இருக்கிறது, வந்து போகும் குத்தல் இருக்கிறது. அவற்றோடு ஒட்டிக்கொண்டு, ‘இது தீராது, வேலை போய்விடும், குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டேன்’ என்ற நினைவுகள். இந்த இரண்டாம் கூட்டம் தனியாகத் தெரிந்துவிட்டால், வலி குறையாமலே துன்பம் குறையலாம். 1982-இல் கபட்-ஜின் வெளியிட்ட முதல் ஆய்வில் 51 நோயாளிகள். பத்து வாரப் பயிற்சியின் முடிவில் அவர்களில் 65 சதவீதத்தினருக்கு வலி மதிப்பெண் மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக்குழு வைக்காத ஆய்வு என்பதால் அதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் மருத்துவ இதழ் ஒன்றில் தியானம் எண்ணோடும் அட்டவணையோடும் வந்து உட்கார்ந்தது.

லண்டனில் இதற்கிடையே ஓர் இலங்கையர் வேறு வேலை செய்துகொண்டிருந்தார். மனநோய் மருத்துவக் கல்வியகத்தில் இருந்த பத்மல் டி சில்வா, நடத்தைச் சிகிச்சையில் தேர்ந்தவர், பாலியும் அறிந்தவர். 1984-இல் எழுதிய கட்டுரையில், நடத்தைச் சிகிச்சை புதிதாகக் கண்டுபிடித்தவை என்று சொல்லிக்கொள்ளும் உத்திகள் பல பாலி நூல்களில் ஏற்கெனவே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். வேண்டாத நினைவு விடாமல் வந்தால் என்ன செய்வது என்று மஜ்ஜிம நிகாயத்தின் இருபதாம் சுத்தம் ஐந்து வழிகள் சொல்கிறது. நல்ல நினைவொன்றைப் பதிலாக வை. முடியாவிட்டால் அந்த நினைவின் தீங்கை எண்ணிப் பார். அதுவும் உதவாவிட்டால் அதைப் பொருட்படுத்தாதே. பிறகு அது எங்கிருந்து எழுகிறது என்று பார். எதற்கும் அடங்காவிட்டால் பல்லைக் கடித்து, நாக்கை அண்ணத்தில் அழுத்தி, மனத்தை மனத்தால் அடக்கு. இந்த வரிசையில் ஒரு நல்ல மருத்துவரின் நடைமுறை அறிவு இருக்கிறது. மெல்லிய வழியை முதலில் கொடுத்து, கடுமையானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறது. டி சில்வாவின் பெயர் இந்த வரலாற்றில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

அடுத்த பெரிய அடி மனச்சோர்வு நோயில் விழுந்தது. டொரோண்டோவின் சிந்தெல் சீகல், பாங்கரின் மார்க் வில்லியம்ஸ், கேம்பிரிட்ஜின் ஜான் டீஸ்டேல் மூவரும் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டினார்கள். குணமானவர்களுக்கு இந்த நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? அவர்கள் கண்ட விடை: ஒருமுறை மூழ்கியவருக்குப் பின்னாளில் சிறிய வாட்டம் வந்தாலே போதும், பழைய நினைவுத்தடம் முழுவதும் உயிர்பெற்றுவிடும். ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்பது ஒரு நினைவாகத் தோன்றாது, கண்டறிந்த உண்மையாகத் தோன்றும். வழக்கமான சிகிச்சை அந்த நினைவோடு வாதாடும். இவர்கள், அது வெறும் நினைவு என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கலாமா என்று யோசித்து வூஸ்டருக்குப் போனார்கள். சினம் உள்ள மனத்தைச் சினம் உள்ள மனம் என்று அறிவது என்று சதிபட்டான சுத்தம் சொல்வது இதுதான். தியானம் பழகாதவரும் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மறுபடி வூஸ்டரில் போய்ப் பார்த்தபோது, கற்றுக்கொடுப்பவர் தானும் பழகியவராக இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள்.

2000-இல் அவர்களுடைய ஆய்வு வெளிவந்தது. மூன்று நகரங்களில் 145 பேர். மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வில் விழுந்து எழுந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 66 சதவீதம் மீண்டும் நோய் வந்தது. எட்டு வாரப் பயிற்சியும் பெற்றவர்களுக்கு 37 சதவீதம். இரண்டு முறை மட்டுமே நோய் கண்டிருந்தவர்களுக்குப் பயிற்சியால் பலன் தெரியவில்லை. தங்களுக்குச் சாதகமில்லாத இந்த முடிவையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். 2004-இல் பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதலில் இந்தச் சிகிச்சை இடம்பிடித்தது.

*

இவ்வளவு தூரம் வந்ததில் வழியில் என்னென்ன விட்டுப்போயின?

மருத்துவமனைக்குள் நுழைவதற்காகப் பௌத்தச் சொற்களைக் கபட்-ஜின் வேண்டுமென்றே விலக்கினார். மதம், மாயம் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. அதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. வலியால் துடிப்பவரிடம் மும்மணிகளைச் சரணடைந்துவிட்டு வா என்று சொல்ல முடியாது. ஆனால் கோயங்காவின் பத்து நாள் வகுப்பு ஐந்து சீலங்களை ஏற்பதில்தான் தொடங்கும். கொல்லாமை, கள்ளாமை, பொய்யாமை எல்லாம் அங்கே தியானத்தின் முதற்படி. அந்தப் படி கழன்ற பிறகு, பயிற்சி எந்தக் கைக்கும் போகும். போயிற்று. பெருநிறுவனங்கள் ஊழியர்களின் அலுப்பைப் போக்க எடுத்துக்கொண்டன. அமெரிக்க ராணுவம் சிப்பாய்களின் மனம் தளராமல் இருக்க எடுத்துக்கொண்டது. கொல்லாமையை அடித்தளமாகக் கொண்ட ஒன்று போர்முனைக்குத் தயார்செய்யும் கருவியாவது இந்த வரலாற்றின் மிகத் துயரமான திருப்பம் என்று நான் நினைக்கிறேன்.

பலன்களைப் பற்றிய ஆரவாரமும் ஆய்வுகளில் அடங்கத்தான் செய்தது. 2014-இல் 47 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் தியானத்துக்கு மிதமான பலன் உண்டு, ஆனால் மருந்து, உடற்பயிற்சி போன்ற பிற சிகிச்சைகளைவிட மேல் என்று சொல்ல ஆதாரமில்லை என்றது. பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. வழக்கமான பாடங்களைவிட இதனால் கூடுதல் நன்மை ஏதும் தெரியவில்லை. கேட்டு வராதவர்களுக்கு, வகுப்பில் உட்காரவைத்துப் புகட்டியதன் முடிவு அது.

விட்டுப்போனவற்றில் மருத்துவர்கள் அவசரமாகத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விபஸ்ஸனா என்னும் நுண்ணறிவுத் தியானத்தின் ஞான நிலைகளை விளக்கி மஹாசி சயாடோ எழுதிய நூலை ஞானபோனிகர் 1965-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதில் பயிற்சி முன்னேறும் படிகள் வரிசையாக இருக்கின்றன. தொடக்கத்தில் ஒளியும் மகிழ்ச்சியும் எழும். எல்லாம் கண் முன்னே கரைவதாகத் தோன்றும் கட்டம் அடுத்து வரும். அதன்பின் அச்சம், அவலம், வெறுப்பு என்று பெயரிட்ட ஞானங்கள். இந்தக் கட்டங்களில் மாணவர் கலங்குவார், படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட நினைப்பார் என்று பர்மிய ஆசிரியர்களுக்குத் தெரியும். அதனால்தான் அங்கே ஆசிரியர் மாணவரை அடிக்கடி கூப்பிட்டு, என்ன பார்த்தாய் என்று விசாரிக்கும் வழக்கம் வைத்திருந்தார்கள். கைப்பேசிச் செயலியில் தனியாகக் கண்ணை மூடி உட்கார்பவரை விசாரிக்க யாரும் இல்லை.

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லபி பிரிட்டனும் அவர் குழுவும் இந்தப் பக்கத்தைத்தான் ஆராய்ந்தார்கள். தியானத்தால் துன்பப்பட்ட 60 மேலை பௌத்தப் பயிற்சியாளர்களையும், அவர்களோடு அனுபவமிக்க ஆசிரியர்களையும் நேர்கண்டு 2017-இல் வெளியிட்டார்கள். அச்சம், உறக்கமின்மை, தன் உடல் தன்னுடையதாகத் தோன்றாமை, பழைய அதிர்ச்சிகள் கிளர்ந்தெழுதல் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. சிலருக்கு அவை ஆண்டுக்கணக்கில் நீடித்தன. ஒரே அனுபவத்தைப் பழைய நூல் ஞானத்தின் படி என்று சொல்லும், மருத்துவர் நோயின் அறிகுறி என்பார். யாருக்கு எது என்று சொல்ல, இரண்டு மொழியும் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கரோலினும் லெடியும் எழுதிக்கொண்டதைப் போன்ற கடிதங்கள் இந்த விஷயத்தில் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. மருத்துவ மையங்களில் இப்போது சேர்வதற்கு முன்பே அதிர்ச்சி, தற்கொலை எண்ணம், மனச்சிதைவு பற்றி விசாரிக்கிறார்கள். அது தொடக்கம்தான்.

இந்த விசாரணையை மூளையின் பக்கத்திலிருந்து தொடங்கியவர்களும் உண்டு. 1987 அக்டோபரில் சிலி நாட்டு உயிரியலாளர் ஃபிரான்சிஸ்கோ வரேலாவும் வேறு சில விஞ்ஞானிகளும் தர்மசாலாவில் தலாய் லாமாவின் இல்லத்தில் ஒரு வாரம் கூடினார்கள். அங்கே நடந்ததை அடுத்த பகுதியில் பார்ப்போம்.